ஃபேனை டைரக்ட் பண்ணிடலாம் சார்!

"ஒண்ணும் இல்ல சார், ரேடியேட்டர் ஃபேன் ஓடல. டைரக்ட் பண்ணிடலாம்."

நம்ம ஊர்ல பழைய கார் வெச்சிருக்கறவங்க இந்த வசனத்தைக் கேட்காம தப்பிச்சிருக்கறது கஷ்டம். சொல்றவர் முகத்துல ஒரு பிரச்னையைத் தீர்த்து வெச்ச சாந்தம். கேட்கறவர் முகத்துல இருநூறு ரூபாயோட முடிஞ்சுதேங்கற நிம்மதி. ரெண்டு பேரும் சந்தோஷமா டீ குடிச்சுட்டுப் பிரியறாங்க. எஞ்சின்தான் பாவம், அதுக்கு வாய் இல்லை.

இந்தப் பதிவு அந்த ஒத்தை வார்த்தைக்கு எதிரா எழுதறது. "டைரக்ட்". ரொம்ப நாளா மனசுல குமுறிட்டு இருந்தது, இன்னைக்கு ஆபீஸ்ல ஆணி கம்மிங்கறதால கொட்டிடறேன்.

டிஸ்கி: அடியேன் ட்ரிபிள் ஈ படிச்சுட்டு ஓ.எம்.ஆர்ல ஜாவா பொட்டி தட்டறவன். மெக்கானிக் இல்லை. ஆனா ஓம்ஸ் லாவுக்கு லைசென்ஸ் தேவையில்லைங்கறதால தைரியமா எழுதறேன். கார் மெக்கானிக் அண்ணன்கள் யாராவது படிச்சா ஆட்டோ அனுப்பிடாதீங்க. அனுப்பினாலும் ஃபேன் டைரக்ட் பண்ணாத ஆட்டோவா அனுப்புங்க :-)

முதல்ல அந்த ஃபேன் எதுக்கு இருக்குன்னு பார்த்துடலாம். நீங்க ஊத்தற பெட்ரோலோட சக்தியில ஏறக்குறைய மூணுல ஒரு பங்குதான் சக்கரம் பக்கம் போகுது. இன்னொரு பங்கு சைலன்ஸர் வழியா சூடான புகையாப் போகுது. மிச்சத்துல பெரும்பகுதி எஞ்சினைச் சுத்தி ஓடற தண்ணியில ஏறுது. அந்தத் தண்ணி ரேடியேட்டருக்கு வந்து காத்துல ஆறி, திரும்ப எஞ்சினுக்குப் போகணும். கார் எண்பதுல போயிட்டிருந்தா காத்து தானா வந்து அறையும், ஃபேனுக்கு வேலையே இல்லை. டிராஃபிக்ல நிக்கறப்ப, மலையில செகண்ட் கியர்ல முக்கறப்பதான் ஃபேன் வேணும்.

அம்பாசடர்ல எஞ்சின் நீளவாக்குல இருந்தது. முன்னாடி புல்லி, பெல்ட்டு, அதுல ஃபேன். எஞ்சின் சுத்தினா ஃபேனும் சுத்தும். 1983 டிசம்பர்ல மாருதி 800 வந்தது. அதுல எஞ்சினைக் குறுக்குவாக்குல திருப்பிப் போட்டுட்டாங்க. புல்லி சக்கரத்துப் பக்கம் போயிடுச்சு, ரேடியேட்டர் முன்னாடி நிக்குது. ரெண்டுக்கும் பெல்ட்டு போட வழி இல்லை. அதனால ஃபேனுக்குத் தனியா ஒரு டி.சி. மோட்டார். அது எப்ப சுத்தணும்னு சொல்ல ஒரு ஆள் வேணுமில்ல? பழைய கார்ல ரேடியேட்டர்லயே ஒரு தெர்மோ ஸ்விட்ச் இருக்கும். தண்ணி சுமார் 95 டிகிரிக்கு வந்தா ஒட்டிக்கும், சில டிகிரி இறங்கினதும் விட்டுடும். அப்புறம் வந்த கார்கள்ல எஞ்சின்ல ஒரு சென்சார், அதைப் பார்த்து முடிவெடுக்க ஈ.சி.யூ., அது இழுக்கற ஒரு ரிலே.

ஆக மொத்தம் சங்கிலி இதுதான்: பேட்டரி, ஃப்யூஸ், ரிலே, கப்ளர், மோட்டார், பாடி எர்த். அது கூட முடிவெடுக்கற சென்சார் ஒண்ணு. மொத்தமே ஏழு சமாச்சாரம். இந்த ஏழுல எது போச்சுன்னு பார்க்க ஒரு மல்டிமீட்டரும் கால் மணி நேரமும் போதும். அதைப் பார்க்க மாட்டேன்னு சொல்றதுக்குப் பேருதான் டைரக்ட்.

டைரக்ட்னா என்ன பண்றாங்கன்னு கூட நிறைய பேருக்குத் தெரியாது. இக்னிஷன் ஆன் பண்ணா 12 வோல்ட் வர்ற ஏதோ ஒரு வயரைத் தேடி, அதை நடுவுல சுரண்டி, அங்கேருந்து இன்னொரு வயரை முறுக்கி, கறுப்பு டேப் சுத்தி, நேரா மோட்டாருக்குக் குடுத்துடறது. ஃப்யூஸ் கிடையாது. ரிலே கிடையாது. கொஞ்சம் "டெக்னிக்கலா" பண்ற ஆளா இருந்தா ஸ்டியரிங்குக்குக் கீழ வீட்டு ட்யூப் லைட் ஸ்விட்ச் ஒண்ணை எம்சீல் போட்டு ஒட்டிடுவாரு. "வேணும்னா போட்டுக்கோங்க சார், வேணாம்னா ஆஃப் பண்ணிக்கோங்க." தெர்மோ ஸ்விட்சுக்குப் பதிலா உங்க ஞாபக சக்தி. காலையில கார்ல ஏறி சீட் பெல்ட் போட மறக்கற ஆளுங்க நாம!

சின்ன காரோட ஃபேன் ஓடறப்ப ஏறக்குறைய 8-10 ஆம்பியர் இழுக்கும். கிளம்பற அந்த நொடியில அதைப் போல சில மடங்கு. இதை ஏன் ரிலே வழியா குடுத்தாங்கன்னா, ரிலே காயிலுக்கு 0.15 ஆம்பியர் மாதிரி கொஞ்சூண்டு போதும். மெல்லிசான வயரும் சின்ன ஸ்விட்சும் அந்தக் கொஞ்சத்தை மட்டும் தாங்கும். தடிச்ச வயர் பெரிய கரண்ட்டைத் தாங்கும். டைரக்ட் பண்றவர் அந்த மொத்த கரண்ட்டையும் இக்னிஷன் ஸ்விட்ச் தலையில கட்டறாரு. ஆறு மாசம் கழிச்சு சாவி போட்டா ஒரு தடவை ஸ்டார்ட் ஆகும், ஒரு தடவை ஆகாது. "ஸ்விட்ச் போயிடுச்சு சார், அதையும் டைரக்ட் பண்ணிடலாம்"னு அதுக்கும் ஒரு வைத்தியம் ரெடியா இருக்கும்.

ஃப்யூஸ் மேட்டரை மட்டும் கொஞ்சம் நின்னு சொல்லணும். ஃப்யூஸ் மோட்டாரைக் காப்பாத்தறதுக்கு இருக்குன்னு பலபேர் நினைக்கறாங்க. அது இருக்கறது வயரைக் காப்பாத்த. 12 வோல்ட்தானே, ஷாக் கூட அடிக்காதேன்னு அலட்சியம் வேற. ஷாக் அடிக்காது, வாஸ்தவம். ஆனா ஷார்ட் ஆச்சுன்னா கார் பேட்டரி நூத்துக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். அந்த வயர் எஞ்சின் சூட்டுலயும் அதிர்வுலயும் இரும்பு மேல உரசி உரசி, ஒரு நாள் தோல் உரிஞ்சு பாடியில பட்டா, ஃப்யூஸ் இருந்தா கண்சிமிட்டற நேரத்துல போயிடும். இல்லைன்னா அந்த வயரே ஹீட்டர் காயில் மாதிரி செவக்கும். பக்கத்துல என்னென்ன இருக்கு? பெட்ரோல் ஹோஸ், பிளாஸ்டிக், ரப்பர், இருபது வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கு. நெடுஞ்சாலை ஓரத்துல கார் எரிஞ்ச செய்தியைப் பேப்பர்ல பார்க்கறப்பல்லாம் எனக்கு முதல்ல தோணறது இந்தக் கறுப்பு டேப்புதான்.

சரி, சித்தப்பா கதைக்கு வருவோம். இந்தக் கோவத்துக்கு மூலமே அதுதான்.

சித்தப்பா சேலம். பத்து வருஷத்து ஹேட்ச்பேக் ஒண்ணு வெச்சிருக்காரு. கம்பெனி பேரெல்லாம் வேணாம், தப்பு கம்பெனியோடது இல்லை. போன ஏப்ரல்ல ஐந்து ரோடு சிக்னல்ல நிக்கறப்ப டெம்பரேச்சர் முள்ளு ஏறியிருக்கு. பக்கத்துல தெரிஞ்ச ஒர்க்‌ஷாப். பார்த்தவர் டெஸ்ட் லேம்ப் வெச்சாரு, கப்ளர்ல கரண்ட் வருது, ஃபேன் சுத்தல. "மோட்டார் வீக்கு சார், இருந்தாலும் டைரக்ட் குடுத்துப் பார்க்கறேன்." குடுத்தாரு. சுத்திச்சு! எல்லாருக்கும் சந்தோஷம். மோட்டார் வீக்குன்னா டைரக்ட் குடுத்ததும் எப்படி ஜம்முனு சுத்திச்சுன்னு அங்க யாரும் கேட்கல. சாவி போட்டா சர்ர்ர்னு ஃபேன் ஓடற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்ததால சித்தப்பாவுக்கு ஒரு பெரிய தெம்பு.

மே மாசம் குடும்பத்தோட ஏற்காடு. சேலத்துலேருந்து மேல போக 20 கொண்டை ஊசி வளைவு. அஞ்சு பேர், ஏ.சி., முன்னாடி ஒரு பஸ், செகண்ட் கியர். பாதி மலை கூட ஏறல, பானட்லேருந்து ஆவி. ஃபேன் என்னடான்னா ஓடிக்கிட்டே இருக்கு. "ஃபேன்தான் ஓடுதே"ன்னு அந்தத் தெம்புலயே இன்னும் ரெண்டு வளைவு ஓட்டிட்டாரு மனுஷன். முடிவு: ஹெட் கேஸ்கெட் போச்சு, அலுமினிய ஹெட் வளைஞ்சு போச்சு. அலுமினியம் சூட்டுல விரியற அளவு இரும்பைப் போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு. ஹெட்டு ஒரு பக்கம் விரியுது, கீழ வார்ப்பிரும்பு பிளாக் வேற அளவுல விரியுது, நடுவுல போல்ட்டு இழுத்துப் புடிச்சிருக்கு. வளையாம என்ன செய்யும்? லேத்துல குடுத்து ஹெட் ஃபேஸிங், கேஸ்கெட் செட், ஆயில், கூலண்ட், கூலி, லோடு வண்டி வாடகை. இருபத்தி மூவாயிரம் ரூபாய்.

இப்ப கேளுங்க. எல்லாம் முடிஞ்சு வந்த வண்டியும் டிராஃபிக்ல முள்ளு ஏறுது! அப்பதான் நான் சேலத்துல இருந்தேன். எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன்கிட்ட கூட்டிட்டுப் போனேன். ஐ.டி.ஐ. படிச்சவர், என் வயசுதான் இருக்கும். எஞ்சினை ஓட விட்டாரு. கையில இருந்த பழைய பில் பேப்பர் ஒண்ணை எடுத்து ரேடியேட்டருக்கு முன்னாடி காட்டினாரு. பேப்பர் ரேடியேட்டர்ல ஒட்டிக்கணும். ஒட்டல. இவர் மூஞ்சிக்கு நேரா பறந்து வந்துச்சு.

புரியுதா? ஃபேன் தலைகீழா சுத்திட்டு இருந்திருக்கு. டி.சி. மோட்டாருக்கு ப்ளஸ் மைனஸ் மாத்திக் குடுத்தா திசை மாறிடும். டைரக்ட் குடுத்த புண்ணியவான் ரெண்டுமே கறுப்பு வயரா எடுத்து, மாத்தி முறுக்கிட்டாரு. சுத்துதா? சுத்துது. காத்து வருதா? வருது. எந்தப் பக்கம் வருதுன்னு பார்க்கல. ரேடியேட்டருக்குப் பின்னாடி உட்கார்ந்து முன்காத்தை உள்ளே இழுக்க வேண்டிய ஃபேன், எஞ்சின் சூட்டை எடுத்து ரேடியேட்டர் மேலயே துப்பிட்டு இருந்திருக்கு. ஹைவேல எதிர்காத்து ஜெயிச்சுடும், ஒண்ணும் தெரியாது. மலையில, சிக்னல்ல மட்டும் கொல்லும்.

அப்படின்னா முதல் கோளாறு என்ன? அதையும் அந்தத் தம்பியே கண்டுபிடிச்சாரு. ஹெட்லைட்டுக்குப் பின்னாடி பாடியில ஒரு போல்ட்டு, அதுலதான் ஃபேனோட எர்த் வயர். போல்ட்டு துருப்பிடிச்சு பச்சை பச்சையா இருந்துச்சு. கழட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, திரும்ப முறுக்கி, கொஞ்சம் கிரீஸ். பழைய ரிலே சர்க்யூட்டையே திரும்ப மாட்டினாரு. 95 டிகிரி வாக்குல டொக்குனு ரிலே அடிச்சு ஃபேன் ஓடிச்சு, கொஞ்ச நேரத்துல தானா நின்னுச்சு. ஒரு சாமான் கூட வாங்கல.

இதுல முதல் ஆள் பண்ண தப்பு எங்க இருக்குன்னு பாருங்க. டெஸ்ட் லேம்ப் எரிஞ்சுது, அதனால கரண்ட் வருதுன்னு முடிவு பண்ணாரு. டெஸ்ட் லேம்ப்போட இன்னொரு கிளிப்பை அவர் பேட்டரி மைனஸ்ல மாட்டியிருந்தாரு. அப்ப அது எரியத்தான் செய்யும். ஃபேனோட எர்த் எப்படி இருக்குன்னு அது எங்கே சொல்லும்? ஒரு மோட்டாருக்குப் போற வழியும் வேணும், திரும்பி வர்ற வழியும் வேணும். நம்ம ஆளுங்க எப்பவும் ப்ளஸ்ஸை மட்டும் தேடுவாங்க.

மல்டிமீட்டர் வெச்சிருக்கறவங்க கிட்டயும் இதே சிக்கல் உண்டு. கப்ளரைக் கழட்டி உள்ளே முனையை விட்டா 12.4 வோல்ட்னு காட்டும். "வோல்டேஜ் ஓக்கே." ஓக்கே இல்லை சாமி! லோடு இல்லாதப்ப ஒத்தை இழை ஒட்டிக்கிட்டு இருக்கற வயர் கூட முழு வோல்டேஜ் காட்டும். கப்ளரை மாட்டி, ஃபேனை ஓட விட்டு, அப்ப பேட்டரி ப்ளஸ்ஸுக்கும் மோட்டார் ப்ளஸ்ஸுக்கும் நடுவுல எவ்வளவு விழுதுன்னு பாருங்க. அரை வோல்ட்டுக்குள்ள இருந்தா சரி. அதே மாதிரி மோட்டார் மைனஸுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவுல. ஏதோ ஒரு ஜாயிண்ட்டுல 0.2 ஓம் இருக்குன்னு வைங்க, 10 ஆம்பியர் ஓடினா 2 வோல்ட் அங்கயே விழுந்துடும். அந்த 2 வோல்ட்டையும் 10 ஆம்பியரையும் பெருக்குங்க, 20 வாட்ஸ். சின்ன சால்டரிங் அயர்ன் அளவு சூடு அந்த பிளாஸ்டிக் கப்ளருக்குள்ள! கப்ளர் உருகி ஒட்டிக்கறது "கம்பெனி குவாலிட்டி" சரியில்லாம மட்டும் இல்லைங்க, இதுவும்தான்.

இன்னொண்ணு. ஃபேன் ஓடலைன்னாலே ஃபேன்ல கோளாறுன்னு அர்த்தம் இல்லை. இது ரொம்ப முக்கியம். எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல தெர்மோஸ்டாட் வால்வு இருக்கு. உள்ளே மெழுகு. தண்ணி 82-லேருந்து 88 டிகிரி வாக்குல அந்த மெழுகு உருகி விரிஞ்சு கதவைத் திறக்கும். அது மூடின நிலையிலேயே மாட்டிக்கிச்சுன்னா எஞ்சின் கொதிக்கும், ரேடியேட்டர் சில்லுனு இருக்கும். ரேடியேட்டர்ல இருக்கற தெர்மோ ஸ்விட்ச் சூடே பார்க்காது, ஃபேனைப் போடாது. அது தன் வேலையை ஒழுங்கா செய்யுது! கூலண்ட் கசிஞ்சு காலியானாலும் இதே கதை. ஸ்விட்சைச் சுத்தி தண்ணியே இல்லை, அது எதைப் பார்த்து ஒட்டும்? இந்த மாதிரி வண்டிக்கு ஃபேனை டைரக்ட் பண்ணா, ஏற்கெனவே ஆறிக் கிடக்கற ரேடியேட்டருக்கு விசிறி வீசின மாதிரி. உள்ளே எஞ்சின் வெந்துட்டு இருக்கும்.

அதனால முதல் கேள்வி "ஃபேன் ஓடுதா"ங்கறது இல்லை. "எப்ப சூடாகுது"ங்கறதுதான். டிராஃபிக்ல மட்டும் ஏறி, வேகமா போனா இறங்கிடுதுன்னா ஃபேன் பக்கம் பாருங்க. ஹைவேல ஏறுதுன்னா ஃபேனை மறந்துட்டு தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், அடைச்ச ரேடியேட்டர், கேஸ்கெட்னு போங்க. ஃபேன் பக்கம்னு முடிவான பிறகு ஏ.சி. போட்டுப் பாருங்க. நிறைய கார்ல ஏ.சி. போட்டா இதே ஃபேன் ஓடணும். ஓடுதுன்னா மோட்டார், எர்த், பெரிய வயரெல்லாம் நல்லா இருக்கு, சென்சார் பக்கம்தான் வில்லன். ஓடலைன்னா ஃப்யூஸ் பார்த்துட்டு, பெட்டியில அதே மாதிரி இருக்கற ஹார்ன் ரிலேயைப் புடுங்கி ஃபேன் ரிலே இடத்துல சொருகிப் பாருங்க. பழைய தெர்மோ ஸ்விட்ச் வண்டியா? ஸ்விட்ச் கப்ளரைக் கழட்டி ரெண்டு முனையையும் ஒரு துண்டு வயரால இணைங்க. ஓடினா ஸ்விட்ச் போச்சு. ஈ.சி.யூ. வண்டியா? இக்னிஷன் ஆன்ல சென்சார் கப்ளரைக் கழட்டுங்க, பல கார்ல ஈ.சி.யூ. பயந்து போய் ஃபேனை ஓட விடும். செக் எஞ்சின் விளக்கு வரும், அப்புறம் அழிச்சுக்கலாம். கை விரலை மட்டும் ஃபேன் கிட்ட வைக்காதீங்க, இக்னிஷன் ஆஃப்ல கூட திடீர்னு சுத்தற ஃபேன் உண்டு. ரெண்டு ஸ்பீடு ஃபேன்ல ஸ்லோ ஸ்பீடு ரெசிஸ்டர் எரிஞ்சு, ரொம்ப சூடான பிறகு ஃபாஸ்ட்ல மட்டும் ஓடற கேசும் இருக்கு.

கால் மணி நேர வேலை. காசும் ஆகாது.

"அம்பாசடர்ல ஃபேன் எப்பவும் சுத்திட்டுதானே இருந்துச்சு, இதுவும் சுத்தட்டுமே"ன்னு ஒரு நண்பர் விவாதம் பண்ணாரு. நியாயமான கேள்விதான். தெர்மோஸ்டாட் உள்ளே ஒழுங்கா இருந்தா ஃபேன் சதா ஓடினாலும் எஞ்சின் ரொம்பக் குளிர்ந்துடாது, ஒத்துக்கறேன். ஆனா அம்பாசடர்ல பெல்ட்டு. இங்க கார்பன் பிரஷ் தேயற மோட்டார். டிராஃபிக்ல மட்டும் ஓட வேண்டியது வண்டி ஓடற நேரம் பூரா ஓடினா சீக்கிரம் தேயும். அது நின்னு போற நாளும் உங்களுக்குத் தெரியாது, ஏன்னா எப்பவும் கேட்டுட்டு இருக்கற சத்தத்தைக் காது கண்டுக்காது. சில கார்ல எஞ்சினை அணைச்ச பிறகும் ஃபேன் கொஞ்ச நேரம் ஓடி சூட்டை இறக்கும். டைரக்ட்ல சாவியை எடுத்தா அதுவும் போச்சு.

எல்லாத்துக்கும் மேல, எங்க தொழில்ல ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எக்செப்‌ஷன் வந்தா கேட்ச் பண்ணி உள்ளே ஒண்ணுமே எழுதாம விட்டுடறது. ப்ரோகிராம் விழாது, க்ளையண்ட்டுக்கு சந்தோஷம். டேட்டா மட்டும் உள்ளுக்குள்ள அழுகிட்டே இருக்கும். எர்த் போல்ட்டு துரு ஒரு எக்செப்‌ஷன். டைரக்ட் அதை முழுங்கிடுச்சு. அதே போல்ட்டுல வேற எதெது மாட்டியிருக்கோ அதெல்லாம் அடுத்து வரிசையா சாகும்.

டைரக்டுக்கு ஒரு தம்பி இருக்கான், தெர்மோஸ்டாட் வால்வைக் கழட்டித் தூக்கிப் போடறது. "நம்ம வெயிலுக்கு இதெல்லாம் எதுக்கு சார், அது குளிர் நாட்டுக்காரனுக்கு." முடியல. எஞ்சின் வேலை செய்யற சூடு தொண்ணூறு டிகிரி சுத்து வட்டாரம். வேலூர் வெயிலே நாப்பத்தி சொச்சம்தான். அம்பது டிகிரி வித்தியாசம் பாக்கி இருக்கு. வால்வு இல்லைன்னா எஞ்சின் சூடேற யுகம் ஆகும், ஈ.சி.யூ. இன்னும் காலைக் குளிர்னு நினைச்சு பெட்ரோலை அதிகமா தெளிக்கும், அது சிலிண்டர் சுவர் வழியா இறங்கி ஆயில்ல கலக்கும். மைலேஜ் போச்சுன்னு புலம்புவீங்க. ஸ்கேனர் போட்டா பி0128 கோடு வந்தாலும் வரும். கூலண்ட் சூடேறலன்னு அர்த்தம். இன்னொரு கூத்து, சில எஞ்சின்ல அந்த வால்வுதான் பைபாஸ் பாதையை அடைக்கும். அதைக் கழட்டினா தண்ணி ரேடியேட்டர் பக்கமே முழுசா போகாம குறுக்கு வழியில சுத்தி, சூடு இன்னும் ஏறும். குளிரட்டும்னு கழட்டினது கொதிக்க வைக்கும்.

கூலண்ட்டுக்கும் அதே வியாக்கியானம்: "இங்க பனியா பெய்யுது?" ஐயா, அது உறையாம இருக்கறதுக்கு மட்டும் இல்லை. துருப்பிடிக்காம இருக்க மருந்து அதுல இருக்கு, கொதிநிலையையும் ஏத்தும். நம்ம ஊர் போர் தண்ணியை ரேடியேட்டர்ல ஊத்தறவங்க வீட்டு வாட்டர் ஹீட்டர் காயிலைக் கழட்டிப் பார்த்துட்டு வந்து பேசுங்க. அதே வெள்ளைப் பாறை ரேடியேட்டர் குழாய்க்குள்ளயும் படியும். மூடியையும் சொல்லணும். அது குக்கர் வெயிட் மாதிரி, 0.9 பார் அழுத்தத்தைப் பிடிச்சு வெச்சிருந்தா வெறும் தண்ணியே ஏறக்குறைய 119 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ரப்பர் போன மூடியை மாத்தாம விட்டுட்டு ஃபேனை டைரக்ட் பண்றது, வெயிட் இல்லாத குக்கர்ல அடுப்பைக் குறைக்கற வேலை. அதே காரணத்தால சூடா இருக்கறப்ப அந்த மூடியைத் திறந்தா அப்படியே மூஞ்சிக்கு வரும். வெந்து போனவங்க இருக்காங்க. ஆற விடுங்க, அரை மணி நேரம் யாரும் குடி முழுகிப் போயிட மாட்டாங்க.

ராத்திரி பத்து மணி, நெடுஞ்சாலை, குழந்தை குட்டியோட நிக்கறீங்க, அப்ப டைரக்ட் பண்ணலாமான்னு கேட்டீங்கன்னா, தாராளமா பண்ணுங்க. வீட்டுக்கு வர்றதுதான் முக்கியம். நடுவுல ஒரு 20 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டு, பேப்பர் ஒட்டுதான்னு பார்த்துட்டு கிளம்புங்க. வயரும் இல்லைன்னா ஏ.சி.யை அணைச்சுட்டு ஹீட்டரை முழுசா திருப்புங்க, ஜன்னலைத் திறங்க. ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், கொஞ்ச தூரத்துக்குத் தாங்கும். வேர்த்து ஊத்தும், பரவாயில்லை. என் சண்டை மறுநாள் காலையில ஆரம்பிக்குது. அந்த வயர் அடுத்த நாள் கழட்டப்படறதே இல்லை. வண்டியை விக்கறப்ப அடுத்தவன் தலையில கட்டறோம்.

ஏதோ ரோட்டோர மெக்கானிக்கை மட்டும் திட்டறேன்னு நினைக்காதீங்க. கண்ணாடி போட்ட ஏ.சி. சர்வீஸ் சென்டர் இன்னொரு ரகம். என் ஃப்ரெண்டு ஒருத்தனுக்கு ஃபேன் கப்ளர் உருகிடுச்சு. அங்க என்ன சொன்னாங்க? "சார், ஃபேன் அசெம்ப்ளி முழுசா மாத்தணும்." கப்ளர் தனியா வராதாம். மோட்டாரை யாராவது அளந்து பார்த்தாங்களா? இல்லை. ஒன்பதாயிரம் பில். ரோட்டோரத்துல அளக்காம டைரக்ட், இங்க அளக்காம அசெம்ப்ளி. டை கட்டியிருக்கறதுதான் வித்தியாசம்.

"நம்ம ஊர் மெக்கானிக்கெல்லாம் ஜீனியஸ்ப்பா, ஒரு கம்பியும் சரடும் இருந்தா ராக்கெட்டே ஓட்டுவான்"னு நம்ம வலையுலகத்துல ஒரு பெருமை உண்டு. அந்தப் பெருமையோட எனக்கு உடன்பாடு இல்லை. அந்தப் பேப்பர் துண்டைக் காட்டின தம்பிதான் ஜீனியஸ். அவர் கம்பி கட்டல, யோசிச்சாரு. ஆனா யோசிச்சதுக்கு நம்மகிட்ட ரேட் கார்டு கிடையாது. எங்க கம்பெனியில ஒரு பக்கை மூணு நாள் தேடி, கடைசியில ஒத்தை வரி மாத்தினா மூணு நாளுக்கும் க்ளையண்ட்டுக்கு பில் போகுது. யாரும் "ஒரு வரிக்கு இவ்வளவா"ன்னு கேட்கறதில்லை. அதே ஆளுங்க சனிக்கிழமை வண்டியை எடுத்துட்டு ஒர்க்‌ஷாப் போனா கையில புது சாமான் அட்டைப்பெட்டி இருந்தாத்தான் பர்ஸைத் திறப்பாங்க. கண்டுபிடிக்கறதுக்குக் காசு இல்லைன்னா எவன் கண்டுபிடிப்பான்? அவனும் டைரக்ட்தான் பண்ணுவான். அதுதான் சீக்கிரம் முடியும், அதுக்குத்தான் நாம சந்தேகப்படாம காசு தர்றோம்.

சித்தப்பாவே உதாரணம். வேலை முடிஞ்சுது, எவ்வளவுன்னு கேட்டாரு. முந்நூறுன்னாரு தம்பி.

"என்னங்க தம்பி, ஒரு சாமான் கூட மாத்தலையே, தேய்ச்சதுக்கு முந்நூறா?"

தம்பி கோவிச்சுக்கல. கையைத் துடைச்சுக்கிட்டே, "மாத்தியிருந்தா கேட்காம குடுத்திருப்பீங்கள்ல சார்" அப்படின்னாரு.

சித்தப்பா எண்ணி எண்ணி இருநூத்தி அம்பது குடுத்தாரு. முதல்ல டைரக்ட் பண்ணிக் குடுத்தவருக்கு இருநூறும், சந்தோஷமா மேல ஒரு அம்பதும் குடுத்திருந்ததை வீட்டுக்கு வர்ற வழியில சித்திதான் சொன்னாங்க.